பூட்டு மாறிய வீடு

2019-ம் வருடம் ஜனவரி முதல் தேதி. உலகம் முழுக்கப் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் கதவைச் சாத்தினார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி, விண்டோஸ் விஸ்டா. இந்த இரண்டில் எதை வைத்திருந்தாலும் சரி, இனிமேல் ஸ்டீம் கிடையாது. ஆறு மாதம் முன்னாலேயே அறிவித்தும் விட்டார்கள்.

ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இண்டர்நெட் வழியாக விற்கும் கடை. அந்த வியாபாரத்தில் உலகத்திலேயே பெரிய கடை. காசு கட்டினால் விளையாட்டு உங்கள் பெயரில் பதிவாகிவிடும். டவுன்லோட் செய்து ஆடலாம். அழித்துவிட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து வருடமாக வாங்கிச் சேர்த்தவர்களிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும். எக்ஸ்.பி காலத்தில் எக்ஸ்.பிக்காகவே செய்யப்பட்டவையும் அதில் உண்டு.

விளையாட்டு கெட்டுப்போகவில்லை. கம்ப்யூட்டரும் கெட்டுப்போகவில்லை. நடுவில் நின்று கதவைத் திறந்துவிடுகிற வாட்ச்மேன்தான் இனி இந்தத் தெருவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

சரி, இந்த வாட்ச்மேனை அங்கே நிறுத்தியது யார்?

கேப் நியூவெல் என்று ஒரு மனிதர். ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மைக்ரோசாஃப்டில் சேர்ந்தவர். விண்டோஸின் ஆரம்பகாலப் பதிப்புகளில் வேலை பார்த்தவர். பதின்மூன்று வருட உத்தியோகத்தில் கணிசமாகச் சம்பாதித்துவிட்டு, 1996-ல் மைக் ஹாரிங்டன் என்ற சகாவோடு வெளியே வந்து வால்வ் கம்பெனியை ஆரம்பித்தார். 1998-ல் அவர்களது முதல் விளையாட்டு வந்தது. ஹாஃப் லைஃப். சூப்பர் ஹிட்.

தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. இண்டர்நெட்டில் பலபேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டில் ஒரு பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் எல்லார் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேரவேண்டும். சேராதவர்கள் மற்றவர்களோடு ஆட முடியாது. இது போதாதென்று திருட்டு காப்பிகள். ஏமாற்றி ஆடுகிறவர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக நியூவெல் கொண்டுவந்ததுதான் ஸ்டீம். 2003 செப்டம்பர் 12 அன்று வெளியானது. ஆரம்பத்தில் ஆட்டக்காரர்களிடம் வாங்காத திட்டு பாக்கியில்லை.

2004 நவம்பர் 16. ஹாஃப் லைஃப் இரண்டாம் பாகம் வெளிவந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கடையில் பெட்டியோடு சி.டி வாங்கியிருந்தாலும், முதலில் ஸ்டீமை நிறுவவேண்டும், இண்டர்நெட்டில் இணைந்து அனுமதி வாங்கவேண்டும். அப்புறம்தான் ஆட்டம். பொருள் கையில் இருக்கிறது, காசு கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர் சரி என்று தலையாட்ட வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் செய்யாததல்ல. ஆனால் இத்தனை பெரிய விளையாட்டில், இத்தனை பேருக்கு இது புதுசு. வெளியான நாளில் சர்வர்கள் திணறின. ஜனங்கள் கடுப்பானார்கள்.

ஆனாலும் வாங்கினார்கள். அடுத்த வருடமே மற்ற கம்பெனிகளின் விளையாட்டுகளும் கடைக்குள் வந்தன. தள்ளுபடி விற்பனைகள் வந்தன. சி.டியில் கீறல் விழும் பயம் இல்லை. புது கம்ப்யூட்டர் வாங்கினால் பாஸ்வேர்டைப் போட்டால் போதும், சேர்த்து வைத்ததெல்லாம் வந்து வரிசையில் நிற்கும். திட்டியவர்களே ரசிகர்களானார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஜமாகவே வசதியாகத்தான் இருந்தது.

பி.காம் படித்தவர்களுக்கு நமது 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகமிருக்கும். விலையைப் பெற்றுக்கொண்டு பொருளின் உடைமையை விற்பவர் வாங்குபவருக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அது விற்பனை. ஸ்டீமின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். உடைமை எங்கேயும் மாறுவதில்லை. கிடைப்பது உபயோகிக்கும் அனுமதி, அதாவது லைசென்ஸ். பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. வாங்கியதை மறுபடி விற்கும் உரிமை உண்டு என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழாகிவிட்டது.

எக்ஸ்.பிக்கு வருவோம். அங்கே கதவைச் சாத்தியதற்கு வால்வ் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஸ்டீமின் உள்ளே கடைப் பக்கங்களைத் திரையில் காட்டுவது கூகுளின் குரோம் பிரவுசரின் எஞ்சின். அது பழைய விண்டோஸில் ஓடாது. கூகுள் ஏன் நிறுத்தியது? மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எக்ஸ்.பியைக் கைகழுவிவிட்டது. கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2016 ஏப்ரலில் கூகுளும் கழன்றுகொண்டது. அந்த எஞ்சினை நம்பியிருந்த வால்வும் ஒருநாள் கிளம்பவேண்டியதாயிற்று. இதில் யாரும் வில்லன் இல்லை. பாதுகாப்பு ஓட்டை அடைபடாத பழைய சிஸ்டத்தை இண்டர்நெட்டில் விடுவது ஆபத்து என்பதும் நிஜம். ஆனால் நஷ்டக் கணக்கு மட்டும் காசு கட்டியவன் பேரில் எழுதப்பட்டது.

2024 ஜனவரி முதல் தேதி விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் அதே கதி. 2026 ஜனவரி முதல் தேதி 32-பிட் விண்டோஸுக்கு.

மேக் கம்ப்யூட்டர்காரர்களின் கதைதான் இருப்பதிலேயே பாவம். ஆப்பிள் 2019-ல் கேட்டலினா என்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வெளியிட்டது. அதில் 32-பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. பழைய விளையாட்டுகளில் ஏராளமானவை 32-பிட். வால்வின் சொந்தச் சரக்கிலேயே சில அப்படித்தான் இருந்தன. விவரம் தெரிந்தவர்கள் கேட்டலினாவுக்குப் போகாமல், அதற்கு முந்தைய மொஹாவியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று மொஹாவிக்கும் ஸ்டீம் முழுக்குப் போட்டது. இப்போது என்ன செய்வார்கள்? புதுசுக்குப் போனால் விளையாட்டு ஓடாது. பழசிலேயே இருந்தால் கடை திறக்காது. இரண்டு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் எடுத்த இரண்டு முடிவுகள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

சி.டியாகவே வைத்திருந்தால் பிழைத்திருக்கலாமோ? அதுவும் முழு உத்தரவாதமில்லை. 2000-களில் வந்த ஏகப்பட்ட சி.டிகளில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு பூட்டு இருந்தது. அதில் பாதுகாப்புக் கோளாறு. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அசல் சி.டி வாங்கி வைத்தவன் முழித்தான். பூட்டை உடைத்துத் திருட்டு காப்பி எடுத்தவன் ஜாலியாக ஆடிக்கொண்டிருந்தான்.

மாற்றுவழியே இல்லையா என்றால், இருக்கிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-ல் ஜி.ஓ.ஜி என்று ஒரு கடை திறந்தது. பழைய விளையாட்டுகளைத் தூசிதட்டி, புது கம்ப்யூட்டர்களில் ஓடும்படி சரிசெய்து, பூட்டே இல்லாமல் விற்றார்கள். வாங்கியதை நம் வன்தட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கலிஃபோர்னியாவிலோ, ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால் இது வெறும் லைசென்ஸ்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2025 முதல் அமல். கலிஃபோர்னியா சட்டம் கையெழுத்தான கையோடு, 2024-லேயே ஸ்டீமும் பணம் கட்டும் இடத்தில் அந்த வாசகத்தைச் சேர்த்துவிட்டது. உண்மையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

வெறும் விளையாட்டுதானே என்று ஒதுக்கவும் முடியாது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. சினிமாவின் ஊமைப்படக் காலத்துக்கு நேர்ந்த அதே கதி. உங்கள் போனில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் புத்தகமும் பாட்டும் பெரும்பாலும் இதே மாதிரி ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பயம் நியூவெலுக்கும் வந்தது. 2012-ல் விண்டோஸ் 8-ஐ மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையோடு கொண்டுவந்தபோது, இது எல்லாருக்குமே பெருங்கேடு என்று பகிரங்கமாகச் சொன்னார். அடுத்தவன் வீட்டில் கடை போட்டிருக்கிறோம், அவன் பூட்டினால் நம் கதி என்ன? உடனே லினக்ஸ் பக்கம் போனார். சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் செய்தார். விண்டோஸ் விளையாட்டுகளை அதில் ஓடவைக்க வழி கண்டுபிடித்தார். 2022-ல் ஸ்டீம் டெக் என்று கையடக்க மெஷினாகவே கொண்டுவந்தார்.

அவரிடம் பணமும் ஆளும் பத்து வருட அவகாசமும் இருந்தன. எக்ஸ்.பி வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது ஆறு மாத நோட்டீஸ்.