கலப்புத் தற்காப்புக் கலையில் வலிமையும் நுட்பமும்

கலப்புத் தற்காப்புக் கலை (எம்எம்ஏ) என்பது குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு முதலிய பல சண்டைமுறைகளை ஒரே களத்தில் பயன்படுத்த இடம் தரும் போட்டி விளையாட்டு. உடல்வலிமை பெரிதா, நுட்பம் பெரிதா என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது. இக்கேள்விக்குக் களம் தந்த விடை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. எதிராளிக்குத் தெரியாத நுட்பம் வலிமையை வென்றது. அந்நுட்பம் பொதுவான அறிவாக மாறியபின் வலிமை மீண்டும் முக்கியத்துவம் பெற்றது.

பிரேசில் பின்னணி

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மேடா 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். பெலேம் நகரில் அவரிடம் பயின்றவர்களுள் கார்லோஸ் கிரேசி ஒருவர். கார்லோஸும் அவருடைய தம்பி ஹெலியோவும் தரையில் கிடந்து போரிடுவதை மையமாக்கி வளர்த்த முறையே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. மெலிந்த உடல்வாகு கொண்ட ஹெலியோ, எடை குறைந்தவரும் பலசாலியை வெல்ல முடியும் என்பதை இம்முறையின் அடிப்படையாக முன்வைத்தார்.

1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரகானா அரங்கில் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவிடம் ஹெலியோ தோற்றார். இரண்டாம் சுற்றில் கிமுரா கையை முறுக்கிப் பூட்டியபோது, ஹெலியோவின் தரப்பினர் துண்டை எறிந்து போட்டியை முடித்தனர். கிமுரா எடையில் மிகுந்தவர். அதேவேளை தம் காலத்தின் தலைசிறந்த ஜூடோ நுட்பரும் ஆவார். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தபோது நுட்பம் மட்டும் போதவில்லை. அந்தக் கைப்பூட்டு இன்றும் 'கிமுரா' என்றே அழைக்கப்படுகிறது.

1993: நுட்பத்தின் வெற்றி

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் (யுஎஃப்சி) நடைபெற்றது. எட்டுப் பேர் மோதிய அத்தொடரில் எடைப்பிரிவுகள் இல்லை. ஹெலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, ஏறத்தாழ 80 கிலோ எடையுடன், ஒரே இரவில் மூவரை வென்றார். மூன்று சண்டைகளும் சேர்ந்து சுமார் 5 நிமிடங்களே நீடித்தன. 1994 டிசம்பரில் நடந்த நான்காம் தொடரின் இறுதிச் சண்டையில், தம்மைவிட 30 கிலோவுக்கு மேல் எடை கூடிய மல்யுத்த வீரர் டான் செவெர்னை அவர் எதிர்கொண்டார். 15 நிமிடங்களுக்கும் மேலாக அடியில் கிடந்தவர், கால்களால் கழுத்தைச் சுற்றி நெரித்து வென்றார்.

இவ்வெற்றிகளுக்கு உடலியக்கக் காரணங்கள் உண்டு. கைப்பூட்டில் எதிராளியின் ஒரு முழங்கை மூட்டின்மீது தாக்குபவரின் இடுப்பு, முதுகு, கால் ஆகியவற்றின் விசை ஒன்றுசேர்ந்து விழுகிறது. நெரிபிடி கழுத்தின் இருபுறமும் உள்ள தமனிகளை அழுத்தி, மூளைக்குச் செல்லும் குருதியைக் குறைக்கிறது. எவ்வளவு தசை வளர்த்தாலும் அதை நெடுநேரம் தாங்க இயலாது. ஆகவே நுட்பம் என்பது வலிமைக்கு மாற்றன்று. தன் உடலின் பெரும்பகுதி வலிமையை எதிராளியின் சிறுபகுதியின்மீது செலுத்தும் வழியே அது.

வலிமையின் மீள்வரவு

அடுத்து வந்தவர்கள் இப்பிடிகளிலிருந்து தப்பக் கற்றனர். 1992 ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க மல்யுத்த வீரர் மார்க் கோல்மன், எதிராளியைத் தரையில் வீழ்த்தி, மேலே அழுத்திக்கொண்டு குத்தும் முறையால் யுஎஃப்சியின் 10, 11-ஆம் தொடர்களை வென்றார். 1997 பிப்ரவரியில் 12-ஆம் தொடரில் முதல்முறையாக எடைப்பிரிவு வந்தது. சுமார் 91 கிலோவை எல்லையாகக் கொண்டு வீரர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். கோல்மன் முதல் கனஎடை வாகையர் ஆனார்.

அதே ஆண்டு ஜூலையில் கிக்பாக்ஸிங் வீரர் மாரிஸ் ஸ்மித் அவரை வென்றார். ஸ்மித் தரையில் பொறுமையாகத் தற்காத்து, கோல்மன் களைத்தபின் எழுந்து நின்று தாக்கினார். பெரிய தசைகள் விரைவில் சோர்வடையும் என்பதையும், மூச்சுத்திறன் மூன்றாவது காரணி என்பதையும் 21 நிமிடம் நீடித்த அச்சண்டை காட்டியது.

அறிவு பொதுவானபின்

2000 மே 1 அன்று டோக்கியோவில் கசுஷி சகுராபா, ராய்ஸ் கிரேசியுடன் 90 நிமிடம் போரிட்டார். கிரேசியின் பூட்டுகளை நன்கறிந்திருந்த அவர், கால்களில் தொடர்ந்து உதைத்தார்; ஆறு சுற்றுகளுக்குப்பின் கிரேசி தரப்பு துண்டை எறிந்தது. அன்றிரவே தம்மைவிடக் கனத்த இகோர் வொவ்சான்சினை எதிர்கொண்ட சகுராபா, களைப்பால் தொடர முடியாமல் விலகினார்.

2006 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மேட் ஹியூஸ் முதல் சுற்றிலேயே ராய்ஸை வென்றார். இருவரின் எடையும் ஏறத்தாழ 79 கிலோ. மல்யுத்தத்தில் வளர்ந்த ஹியூஸ், ஜியு-ஜிட்சுவையும் கற்றிருந்தார். ராய்ஸுக்கோ வயது 39. அறிவில் இடைவெளி இல்லாத இடத்தில் வலிமையும் வேகமும் இளமையும் முடிவைத் தீர்மானித்தன.

எடைப்பிரிவுகளின் பொருள்

நியூ ஜெர்சி மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி உருவான ஒருங்கிணைந்த விதிகள் எடைப்பிரிவுகளை நிலைப்படுத்தின. இன்று 70 கிலோ, 77 கிலோ எனச் சுமார் 7 கிலோ இடைவெளியில்கூடத் தனிப்பிரிவுகள் உள்ளன. நுட்பம் சமமானால் எடை வெல்லும் என்பதை இவ்விளையாட்டே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

தற்காப்புக்காகக் கலை பயில்வோருக்கும் இவ்வரலாறு பயன்படும். பயிற்சி இல்லாத பலசாலியிடமிருந்து நுட்பம் காக்கலாம். பயிற்சி பெற்ற பலசாலியிடம் அந்த உறுதி இல்லை. இன்றைய வீரர்கள் பூட்டுகளைப் பயிலும் அதே அக்கறையோடு எடைப்பயிற்சியும் ஓட்டமும் மேற்கொள்வது இதனால்தான்.