புழுங்கலரிசி காத்ததும் காவாததும்: பேராக் தமிழர் உணவும் இதயமும்

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு 1880களுக்குப் பின் உலகின் பெரும் வெள்ளீயக் களங்களுள் ஒன்றாயிற்று. அங்கு உழைக்க வந்த சீனத் தொழிலாளரைப் பெருமளவில் மாய்த்த நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப்போகும்; பின்னர் வீங்கும்; இதயம் விரிந்து தளரும்; நேற்றுவரை நடமாடியவர் இன்று திடீரென மாள்வார். ஆனால், அதே மண்ணில் சாலையிலும் இருப்புப்பாதையிலும் தோட்டத்திலும் பாடுபட்ட தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் வளமாக வாழ்ந்தவர் அல்லர். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களைப் பெரிதும் வாட்டின. அவ்வாறிருக்க, பெரிபெரி மட்டும் அவர்களை விட்டுவைத்தது ஏன்?

இவ்வினாவுக்கு விடை தேடியவருள் ஒருவர், நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய லெனார்ட் பிரேடன். 1907ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் மூவினத்தாரின் அரிசியையும் ஒப்பிட்டார். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசியை உண்டனர். சீனர் ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்ட பச்சரிசியை உண்டனர். நோய் மூன்றாமவரிடமே மிகுந்திருந்தது. தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு தோன்றுகிறது என்று பிரேடன் கருதினார். அவர் கண்டது சரி. கூறிய காரணமோ பிழை.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் ஓர் ஆய்வை நடத்தினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினருக்குத் தீட்டிய சயாம் அரிசியும், இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கினார். ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். முதற்பிரிவில் பலர் பெரிபெரியால் நோயுற்றனர், பதினெண்மர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் நோய் கண்டவர் இருவர் மட்டுமே. அவ்விருவரும் சேர்க்கப்படும்போதே நோயோடு வந்தவர். அறிவியல் வரலாறு இதனைச் சிறந்த ஒப்பாய்வாகப் போற்றுகிறது. மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் உயிரை விலையாகக் கொடுத்தே அவ்வறிவு பெறப்பட்டது என்பதையும் மாணவர் உடன் அறிதல் வேண்டும்.

இதனை அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர் முந்நூற்றுவரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். தீட்டிய அரிசி உண்டவரிடையே ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியைப் பின்தொடர்ந்தது. ஆகவே குற்றம் இடத்தினுடையதன்று, ஒட்டுநோயுமன்று. அரிசியில் இருப்பதொரு நஞ்சன்று, அரிசியிலிருந்து நீக்கப்பட்டதொரு சத்தே காரணம் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு தீட்டிய வெள்ளரிசியையே பெரிபெரியோடு தொடர்புபடுத்தித் தீர்மானம் இயற்றியது.

அச்சத்து தயாமின் எனப்படும் வைட்டமின் பி1. அது நெல்லின் தவிட்டிலும் முளையிலும் மிகுதி. நீரில் கரையும் இயல்புடையதாதலின், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதன் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர்த் தவிட்டை நீக்கினும் அப்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. தயாமின் இன்றேல் இதயத்தசை மாவுச்சத்திலிருந்து ஆற்றலைப் பெறவியலாது. நெல்லவித்த தமிழருக்கு இவ்வேதியியல் தெரியாது. எனினும் அவ்வழக்கம் கடல் கடந்தும் அவர்களின் இதயத்தைக் காத்தது.

இக்காப்பு அரிசியில் இருந்ததேயன்றிக் குருதியில் இருந்ததன்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி வரத்துக் குறைந்து மரவள்ளிக்கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரிடையே, வாந்திபேதியோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் பரவியது. உணவு மாறியவுடன் முன்னைய காப்பும் அகன்றது.

இனி, புழுங்கலரிசி காவாததொன்றையும் கூறவேண்டும். அது மக்னீசியம். இதயத் துடிப்பின் ஒழுங்குக்கும் தசைச் சுருக்கத்துக்கும் இக்கனிமம் இன்றியமையாதது. தயாமின் உடலில் தன் செயல்வடிவத்தை அடைவதற்கும் மக்னீசியத்தின் துணை வேண்டும். தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 110 முதல் 140 மில்லிகிராம் வரை மக்னீசியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 25 முதல் 35 வரையாகக் குறைகிறது. தவிட்டில் பிணைந்து நிற்கும் இக்கனிமம், அவித்தாலும் தயாமினைப்போல் உள்ளே செல்வதில்லை, தவிட்டோடு போய்விடுகிறது. ஆகவே, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியும் இவ்வகையில் வெள்ளரிசிக்கு உறவே.

மக்னீசியக் குறை பெரிபெரியைப்போல் மூன்று மாதத்தில் முகம் காட்டாது. மக்னீசியம் மிகுந்த உணவை உண்போரிடையே நீரிழிவும் இதயநோயும் குறைவாக இருப்பதை நெடுங்கால ஆய்வுகள் பல காட்டுகின்றன. அந்நலன் மக்னீசியத்தால் மட்டுமே விளைந்தது என்று துணிந்துரைக்க அவை போதா. அத்தகைய உணவில் நார்ச்சத்தும் பிற சத்துகளும் உடனிருக்கின்றன. ஆயினும் முழுத்தானியமும் பருப்பும் கீரையும் நலம் பயக்கும் என்பதில் ஐயமில்லை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில் நீரிழிவுடைய பெரியோர் நாட்டளவில் 18.3 விழுக்காட்டினர், இந்தியரிடையே 31.4 விழுக்காட்டினர். இதற்கு மரபு, உழைப்புக் குறைவு, இனிப்பு எனக் காரணங்கள் பல. அவற்றுள் தட்டில் உள்ள சோற்றின் அளவும் ஒன்று.

தோட்டத்து லயத்து வீட்டின் பின்புறம் வளர்ந்த முருங்கையும் கீரையும், குழம்பிலிட்ட பருப்பும் பயறும் அரிசி இழந்ததை ஓரளவு ஈடுசெய்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் புறநகர்க்கும் பெயர்ந்தபோது, அரிசிப்பானை உடன் வந்தது. முருங்கை மரம் பின்தங்கியது.

நம் முன்னோர் உணவு நல்லுணவு என்று பெருமை பேசுதல் எளிது. அது எதிலிருந்து காத்தது, எவ்வாறு காத்தது, எங்கே காப்பு முடிந்தது என்று அறிதலே பயன் தரும். ஆசிரியர்கள் வகுப்பறையில் நெல்லையும் கைக்குத்தலரிசியையும் புழுங்கலரிசியையும் பச்சரிசியையும் அருகருகே வைத்துக் காட்டலாம். தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோரிடம் சோற்றோடு எதை உண்டனர் என்று கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். அவ்வாறு திரளும் குறிப்புகள் பேராக் தமிழர் வரலாற்றுக்கும், அவர்தம் வழித்தோன்றல்களின் நலத்துக்கும் ஒருசேர உதவும்.