கருவியும் காவலும்

களனி கங்கையின் நீர்மட்டத்தை அறிய நாகலகம் வீதியில் ஓர் அளவுகோல் உண்டு. மழைக்காலத்தில் கிருலப்பனைவாசிகளாகிய நாமும் அதன் அளவை வானொலியில் செவிமடுப்பதுண்டு. அளவைக் காட்டுவது கோலின் தொழில். எச்சரிக்கை விடுப்பது அலுவலகத்தின் தொழில். கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருளின் வரலாற்றிலும் இவ்விரு தொழில்களும் பிரிந்தே நின்றன.

1999ஆம் ஆண்டில் ஈதன் கால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் நெட்செயின்ட் என்ற கண்காணிப்பு மென்பொருளை யாவரும் எடுத்தாளத்தக்க வகையில் வெளியிட்டார். பெயருரிமைச் சிக்கலால் 2002இல் அது நாகியோஸ் ஆயிற்று. 'புனிதர்' பட்டத்தை இனி வற்புறுத்தோம் என்று புதுப்பெயருக்கு வேடிக்கையாய் ஒரு விரிவும் கூறினர்! இதில் வியப்பு யாதெனில், மூல மென்பொருளுக்கு எதனையும் தானே சோதிக்கத் தெரியாது. சோதனைகள் யாவும் செருகுநிரல்கள் எனப்படும் சிறு நிரல்களின் வேலை. அவை 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 அறியக்கூடவில்லை. இவ்வெண்களைக் கேட்டு உரியவருக்குச் செய்தி அனுப்புவதே மூலத்தின் கடமை. ஆகவே, எவரும் தமக்கு வேண்டிய சோதனையை எழுதிச் சேர்க்க முடிந்தது. 2014இல் செருகுநிரல்களைப் பேணிவந்த குழுவினர் வேறு பெயரில் பிரிந்தபோதும் அந்நான்கு எண்கள் மாறவில்லை.

செருகுநிரல்களோ பிற மென்பொருள்களைச் சார்ந்தவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைச் சோதிக்க அதற்குரிய நிரல் நூலகம் வேண்டும். நிறுவும்போது அது கணினியில் இல்லையெனில் வேலை நின்றுவிடாது. அந்த ஒரு செருகுநிரல் மட்டும் உருவாகாமற் போகும். இஃது குறையன்று. தரவுத்தளமே இல்லாதவனிடம் அதனைக் கேட்டு வற்புறுத்துவானேன்? ஆயினும், ஓடிமறையும் நூற்றுக்கணக்கான வரிகளிடையே அதனை அறிவிக்கும் வரியை யார் படிக்கிறார்கள்?

ஒரு பாடசாலையில் நிகழ்ந்ததை நான் நேரிற் கண்டேன். தரவுத்தளச் சோதனை உருவாகவில்லை. திரையில் அதற்குரிய இடம் சிவந்து நின்றது. பின்னர் பார்ப்போம் என்று ஆசிரியர் அவ்வரியைப் பட்டியலினின்று நீக்கினார். திரை முழுதும் பச்சையாயிற்று, நாங்களும் மகிழ்ந்தோம். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாட்காலையில், வட்டு நிரம்பித் தரவுத்தளம் நின்றுபோயிருந்தது தெரிந்தது. பெற்றோர் நண்பகல்வரை மண்டபத்திற் காத்திருந்தனர். திரை அப்போதும் பச்சையாகவே இருந்தது.

நூலகத்தை நிறுவிச் செருகுநிரலை மீண்டும் உருவாக்க அரைமணி நேரமே பிடித்தது. இப்போது அவ்வாசிரியர் சோதிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியருகே ஒட்டியிருக்கிறார். திரையை அத்தாளுடன் ஒப்பிட்ட பின்னரே அவர் வீடு செல்கிறார்.