கடல் கடந்த சாவும் எல்லைப்புற ஊரும்: அயல்நாட்டிலிருந்து உடல் ஊர் திரும்பும் ஏற்பாட்டின் வரலாறு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது மீனாட்சிபுரம். பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் ஒரு நிலையம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ்; ரேஷன் அட்டையும் வில்லேஜ் ஆபீஸும் கேரளத்துடையவை. இப்படிப்பட்ட ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒருவர் அங்கே இறந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளில் சட்டம் சொன்ன பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த மாற்றத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பல் காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. கொங்கு நாட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மலேயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அந்த மண்ணிலேயே அடங்கினார்கள். 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி இலங்கையிலும் மலேயாவிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டார்கள். கூலி, குடியிருப்பு, ஊர் திரும்பும் பயணம் ஆகியவை அவர்களின் கவனத்துக்கு வந்தன, உடல் வரவில்லை. ஊருக்கு வந்தது கடிதம் அல்லது தந்தி மட்டுமே. அதுவும் பல வேளைகளில் மாதங்கள் கழித்து. உடல் கிடைக்காத சாவுக்கு மரபு ஒரு வழி வைத்திருந்தது: புரச இலைக் காம்புகள் 360 எடுத்து, தர்ப்பையால் கட்டி, ஆள் உருவம் செய்து எரிப்பது. சாத்திரம் இதற்கென்று தனி விதியே வகுத்திருக்கிறது என்றால், உடல் வராத சாவு எவ்வளவு பழையது என்று புரியும்.

விமானம் வந்த பிறகுதான் உடல் வருவது சாத்தியமாயிற்று. இந்திய விமான (பொதுச் சுகாதார) விதிகள் 1954இல் வந்தன. பதப்படுத்தி, காற்றுப் புகாமல் மூடி முத்திரையிட்ட பெட்டியில் வந்தால்தான் உடலை நாட்டுக்குள் விடலாம் என்ற கட்டுப்பாடு இவற்றின் வழியே அமலானது. 1970களில் எண்ணெய் விலையேற்றம் ஆயிரக்கணக்கானவர்களை வளைகுடாவுக்கு இழுத்தபோது இந்த விதி மலபாரின் வீடுகளைத் தொட்டது. அப்போது வளைகுடா விமானங்களுக்குப் பெரிய வாசல் பம்பாய். கரிப்பூர் விமான நிலையம் 1988இலும் நெடும்பாசேரி 1999இலும் திறந்த பிறகே பாலக்காட்டுக்காரர்களுக்கு அந்தத் தொலைவு குறைந்தது.

வழி பிறந்தது, செலவு யார் தலையில்? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும் இங்கே திருப்புமுனை. வேலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய அம்சங்களில் ஒன்றாக, தொழிலாளி இறந்தால் உடலை அடக்கம் செய்வது அல்லது இந்தியாவுக்கு அனுப்புவது பற்றிய ஏற்பாட்டை விதிகள் சேர்த்தன. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவும், குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தாலொழிய, உடலைத் தயார்செய்து அனுப்பும் செலவு முதலாளியுடையது என்கிறது. எழுத்தில் இவ்வளவு தெளிவு. ஆனால் கஃபீலை (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியை) விட்டு ஓடி வேறிடத்தில் வேலை பார்த்தவருக்கும், விசிட் விசாவில் போனவருக்கும், கம்பெனி மூடிப்போனவருக்கும் அந்த எழுத்து உதவவில்லை. 2003இல் வந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் முறையாகக் குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போனவர்களையே முதன்மையாகக் காத்தது. விடுபட்டவர்களுக்காக 2009இல் தூதரகங்களில் இந்தியச் சமுதாய நலநிதி தொடங்கப்பட்டது. 2017இல் அதன் விதிகள் தளர்த்தப்பட்டன. இன்றைக்கு ஆதரவற்ற உடல்கள் பல ஊர் திரும்புவது இந்த நிதியால்தான். ஆனாலும் அது வசதியற்றவரா என்று பார்த்துக் கொடுக்கும் உதவியாகவே இருக்கிறது. கேட்டால் மறுக்க முடியாத உரிமை என்ற நிலைக்கு அது இன்னும் வரவில்லை. இந்த வரலாற்றின் பெரிய குறை இதுவே என்பது என் முடிவு.

காகித வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் குடும்பங்களின் பாடு விளங்கும். மருத்துவமனை இறப்பு அறிக்கை தர வேண்டும். விபத்து, தற்கொலை என்றால் காவல்துறை விசாரணை முடிய வேண்டும். பிறகு அந்நாட்டு இறப்புச் சான்று, கடவுச்சீட்டை ரத்து செய்தல், தூதரகத்தின் தடையில்லாச் சான்று (என்ஓசி), உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, சரக்குப் பிரிவில் முன்பதிவு. சவூதி என்றால் வாரிசுகள் நோட்டரி முன் கையெழுத்திட்ட பவர் ஆஃப் அட்டர்னியும் போக வேண்டும்: உடலை அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா என்பதை அதில் எழுத வேண்டும். பாலக்காட்டுப் பகுதியின் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களுக்கு அங்கேயே கபறடக்கம் செய்ய மார்க்கத்தில் தடையில்லை. இந்துக் குடும்பங்களுக்கோ சவூதியில் தகனத்துக்கு இடமே இல்லை; தகனம்தான் வேண்டுமென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கணவன் இறந்த செய்தி கேட்ட நாலாம் நாள், தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு நிற்க வேண்டிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். சான்று மலையாளத்தில், தூதரகத்துக்கு வேண்டியது ஆங்கிலத்தில், அவர் படித்ததோ தமிழ்வழிப் பள்ளியில்.

இதைவிடக் கொடுமை தராசு. உடலைப் பெட்டியோடு நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று விமான நிறுவனங்கள் கட்டணம் வாங்கின. சரக்குப் பதிவில் அது மற்ற சரக்குகளைப் போல எடையுள்ள ஒரு பொருள். இதை எதிர்த்து வளைகுடா இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். அஜ்மானில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான உடல்களை ஊருக்கு அனுப்பிவைத்த கோழிக்கோட்டு அஷ்ரப் தாமரச்சேரி அவர்களில் முன்னணியில் நின்றவர். 2015இல் பிரவாசி பாரதிய சம்மான் பெற்றவர். கடைசியில் 2019 ஜனவரியில் ஏர் இந்தியா தராசைக் கைவிட்டது: அமீரகத்திலிருந்து பெரியவர் உடலுக்கு 1,500 திர்ஹாம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 750 என்று ஒரே கட்டணம் வந்தது. ஓர் அரசாணையைவிட இந்த மாற்றத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். தொழிலாளர்களே போராடிப் பெற்றது அது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு போதும். தகவல் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற விவரங்களைக் கொண்டு, 2012 முதல் 2018 நடுப்பகுதி வரை ஆறு வளைகுடா நாடுகளில் 24,570 இந்தியத் தொழிலாளர்கள் இறந்ததாகக் காமன்வெல்த் மனித உரிமை அமைப்பு கணக்கிட்டது. நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இத்தனைக்கும், வந்திறங்கும் இடத்திலும் தடைகள் முளைத்தன. 2017இல் கரிப்பூரில் 48 மணி நேரத்துக்கு முன்பே ஆவணங்களைத் தர வேண்டும் என்ற உத்தரவு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, அபுதாபியிலிருந்து தில்லி வந்த மூன்று உடல்கள் இறக்கப்படாமல் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டன. அதன் பிறகே உள்துறை நடைமுறை விளக்கம் வெளியிட்டது. விமான நிலையச் சுகாதார அனுமதியை இரவுபகலாக இணையவழியில் தரும் இ-கேர் தளம் 2023 ஆகஸ்டில்தான் வந்தது.

2024 ஜூன் 12இல் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. இரண்டே நாளில், ஜூன் 14 காலையில், 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் நெடும்பாசேரியில் இறங்கியது. 23 பேர் கேரளத்தவர், ஏழு பேர் தமிழ்நாட்டவர், ஒருவர் கர்நாடகத்தவர். மற்றவர்களோடு விமானம் தில்லிக்குப் பறந்தது. அரசு மனம்வைத்தால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு இது சான்று. எல்லைப்புறத் தமிழருக்கு அந்தப் பட்டியல் வேறொன்றையும் சொல்கிறது: பிரிப்பது மாநிலத்தை வைத்து, மொழியை வைத்து அல்ல. 1956 நவம்பர் 1இல் சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்துவிட்டதால், மீனாட்சிபுரத்துக்காரருக்கும் மூணாறுக்காரருக்கும் உரிய கதவு சென்னையின் அயலகத் தமிழர் நலத்துறை அல்ல. 1996இல் கேரளம் தொடங்கிய, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான துறையான நோர்க்காவும் அதன் கிளையான நோர்க்கா ரூட்ஸும்தான். வேறு வழியில்லாதவர்களின் உடலைக் கொண்டுவர அதில் ‘காருண்யம்’ திட்டம் இருக்கிறது. கேரள விமான நிலையங்களிலிருந்து மட்டுமல்லாமல் கோவையிலிருந்தும் வீடுவரை இலவச ஆம்புலன்ஸ் உண்டு. கோவை தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்கி, வாடகை வண்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மொழியும் தடையாக இருக்க வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் நோர்க்காவுக்கான மனுவைத் தமிழில் எழுதுங்கள். பதிலைத் தமிழில் கேளுங்கள். வெளிநாடு போகிறவர்கள் நோர்க்கா அடையாள அட்டையும் வேலை ஒப்பந்தத்தின் நகலும் வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.