வாசலில் இறங்கிய கியர் பாக்ஸ்

கார்கள் தெருவுக்கு வந்த தொடக்க காலத்தில் கிளட்ச் என்றால் தோல். கூம்பு வடிவ உலோகத்தின் மேல் தோலை ரிவிட் அடித்துப் பொருத்தி, அது பிளைவீலின் குழிவுக்குள் போய் இறுகும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். தோல் காய்ந்தால் வண்டி குதித்துக்கொண்டு கிளம்பும். எண்ணெயில் ஊறிவிட்டால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. காய்ந்த தோலுக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள். வழுக்கும் தோலில் எண்ணெயை உறிஞ்சும் களிமண் பொடியைத் தூவினார்கள். இதற்காக ஒர்க்‌ஷாப் தேடிப் போகும் வழக்கம் அன்று இல்லை. பல ஊர்களில் ஒர்க்‌ஷாப்பே கிடையாது. காரை வைத்திருந்தவரோ, அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த டிரைவரோதான் மெக்கானிக்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி இந்த வேலையை அமெரிக்க விவசாயியின் களத்து மேட்டுக்குக் கொண்டுபோனது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற வண்டி அது. அதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிச் சுழலும் எஃகுத் தட்டுகளின் அடுக்கு. குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டுத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று ஹேண்டில் சுற்றுகிறவர் மேலேயே வண்டி ஏற வரும். அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவைத்துவிட்டுத்தான் பலரும் ஸ்டார்ட் செய்தார்கள். முதல் கியர், ரிவர்ஸ், பிரேக் மூன்றுக்கும் உருளைகளை இறுக்கும் பட்டைகள் இருந்தன. அவற்றின் பருத்தி உறை தேயத் தேயக் காலடிப் பலகையைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து, வீட்டிலேயே புது உறை போட்டார்கள். ஒரு நட்டு கைதவறி உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. கந்தல் துணியைச் சுற்றிலும் திணித்துவிட்டு வேலை தொடங்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

தோலும் பருத்தியும் நெடுநாள் தாங்கவில்லை. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897இல் மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளுக்காகப் பிரேக் கட்டை செய்யத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் ஃபெரோடோ நிறுவனமாக வளர்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பொருள் வந்தபின், 1930களுக்குள் பெரும்பாலான கார்களில் நாம் இன்று அறிந்த ஒற்றை கிளட்ச் பிளேட் இடம்பிடித்துவிட்டது.

அதோடு புதிய சிக்கலும் வந்தது. கிளட்ச் பிளேட் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பிளேட்டை மாற்றுவது சின்ன வேலை. அதை எட்டுவதுதான் பெரிய வேலை. எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் வழக்கமான காரில் நீளமான ஷாஃப்டைக் கழற்றி, கியர் பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினையே மேலே தூக்க வேண்டும். ஒருவர் தன் வீட்டு வாசலில் கிளட்ச் மாற்ற முடியுமா என்பதை அவருடைய கைத்திறனைவிட, எஞ்சினை எந்தத் திசையில் வைத்தார்கள் என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் பின்னால் இருந்தது. காற்றில் குளிர்வதால் ரேடியேட்டரும் குழாய்களும் இல்லை. நான்கு போல்ட்டுகள்தான் அதைக் கியர் பாக்ஸோடு பிடித்திருந்தன. ஒயரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, அடியில் ஜாக்கி கொடுத்து இறக்கிவிட்டு, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி எஞ்சினை வெளியே உருவிவிடலாம். விமானத் துறையில் பொறியாளராக இருந்த ஜான் மியூர், அந்த வேலையை உதறிவிட்டு நியூ மெக்சிகோவில் குடியேறியவர். பீட்டில் வைத்திருக்கும், ஸ்பேனரே பிடித்தறியாத சாமானியருக்காக 1969இல் ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற நடை, பீட்டர் அஷ்வாண்டனின் கோட்டோவியங்கள். 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. 1960இல் அங்கே பழைய கார்களுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை வந்தது. ஓட்டை வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒர்க்‌ஷாப் கூலி கொடுக்க எல்லோரிடமும் பணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவோரம் காருக்கடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சியானது. அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் கிடந்த கிரீஸ் கறை படிந்த புத்தகம் பெரும்பாலும் ஹெய்ன்ஸ் மேனுவலாக இருந்திருக்கும்.

அதை உருவாக்கிய ஜான் ஹெய்ன்ஸ் 1938இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்றை நிர்வகித்தார். இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே பழைய ஆஸ்டின் 7 ஒன்றை மாற்றிக் கட்டி, அந்த விவரத்தைச் சிறு புத்தகமாக 1956இல் அச்சிட்டு விற்றார். பின்னர் விமானப்படை வேலையாக ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைப் பழுது பார்க்க வேண்டிவந்தது. கம்பெனி கொடுத்த கையேடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது; நண்பருக்கு அதனால் பயனில்லை. ஹெய்ன்ஸ் வண்டியை அக்கக்காகக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, மீண்டும் பூட்டினார். 1966இல் அது முதல் மேனுவலாக வெளிவந்தது. கழற்றிப் பார்க்காமல் எழுதுவதில்லை என்பதே பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் பெருமை. ஒவ்வொரு வேலைக்கும் கடினத்தைக் காட்ட ஸ்பேனர் படங்கள் போட்டிருப்பார்கள். ஒன்று இருந்தால் புதியவரும் செய்யலாம், ஐந்து இருந்தால் தேர்ந்தவர் மட்டும். கழற்றிய வரிசையைத் திருப்பினால் பூட்டிவிடலாம் என்று மேனுவல் ஒரே வரியில் முடித்துவிடும் இடங்கள்தான் வாசகர்களை அதிகம் திட்டவைத்தவை. கியர் பாக்ஸ் இறங்கும்போது புவியீர்ப்பு துணை நிற்கும். ஏற்றும்போது அதுவே எதிரி.

அதுவும் பிளேட் நட்டநடுவில் நிற்காவிட்டால் கியர் பாக்ஸின் ஷாஃப்ட் எத்தனை முறை தள்ளினாலும் நுழையாது. இதற்கென்று தனிக் கருவி உண்டு. வாங்காதவர்கள் மரக்குச்சியில் டேப்பைச் சுற்றிச் சுற்றிச் சரியான தடிமன் வரவழைத்து, பிளேட்டின் துளை வழியே நுழைத்து மையம் பார்த்தார்கள்.

முழு மதிப்பெண் கொடுக்க வேண்டியது ஸ்வீடனின் சாப் கம்பெனிக்குத்தான். 1967இல் அறிமுகமான சாப் 99, அதைத் தொடர்ந்து 1978இல் வந்த சாப் 900 இரண்டிலும் எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள்: கிளட்ச் முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால், கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில். பானெட்டைத் திறந்தால் கிளட்ச் கண்ணெதிரே. மூடியைக் கழற்றி, பெடலை மிதித்தபடி ஸ்பிரிங் விரியாமல் இருக்க ஒரு வளையத்தைச் செருக வேண்டும். கம்பெனி வளையம் கிடைக்காதவர்கள் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகினார்கள். பிறகு நடு ஷாஃப்டை முன்னால் உருவி, போல்ட்டுகளைக் கழற்றினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மொத்தமாக மேலே வந்துவிடும். எஞ்சினும் இறங்காது, கியர் பாக்ஸும் இறங்காது. வாக்ஸ்ஹால் கம்பெனியும் 1980களின் ஆஸ்ட்ரா, கேவலியர் கார்களில் ஷாஃப்டை உருவி, கியர் பாக்ஸை இறக்காமலே பிளேட் மாற்ற வழி வைத்திருந்தது.

இந்தக் கதையில் ஒரு கறையும் உண்டு. பழைய கிளட்ச் தூசியை வாயால் ஊதித் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். அது ஆஸ்பெஸ்டாஸ் தூசி, புற்றுநோய் தரக்கூடியது. பிரிட்டன் அதற்கு முழுத் தடை விதித்தது 1999இல்தான்.

சாப் காட்டிய வழியில் மற்றவர்கள் ஏன் போகவில்லை? ஆலையில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, ஒரே கட்டாகக் கீழிருந்து ஏறுகின்றன. அங்கே மிச்சமாகும் நிமிடங்கள் கம்பெனிக்கு லாபம். பல ஆண்டுகள் கழித்து கிளட்ச் மாற்ற ஆகும் நேரம் கம்பெனியின் கணக்கில் வராது. போதாக்குறைக்கு 1985இல் பிஎம்டபிள்யூ காரில் தொடங்கிய இரட்டைப் பிளைவீல் பிறகு டீசல் கார்களில் பரவியது. அதிர்வைக் குறைக்கிறது, உண்மைதான். தேய்ந்தால் கிளட்ச் செட்டோடு அதையும் மாற்றும் செலவு சேர்கிறது. ஹெய்ன்ஸ் 2019இல் காலமானார்; மறு ஆண்டே, புதிய கார்களுக்கு அச்சு மேனுவல் போடப்போவதில்லை என்று அவர் நிறுவனம் அறிவித்தது.

செகண்ட் ஹேண்டில் மேனுவல் கியர் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் விசாரிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டை எட்ட எதையெல்லாம் இறக்க வேண்டும், எத்தனை மணி நேரக் கூலி ஆகும் என்று, முன்பணம் கொடுக்கும் முன், தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.