பெர்ரியும் சால்மனும் ஒரே வாக்கியத்தில்

ஆகஸ்ட் மாசம் சியாட்டில் பக்கம் ரோட்டோரம், பார்க் வேலி, எங்க பாத்தாலும் ப்ளாக்பெர்ரி கருகருன்னு பழுத்துத் தொங்கும். டிபன் பாக்ஸோட போயி, முள்ளுல கையைக் கிழிச்சுக்கிட்டு பறிச்சுட்டு வருவேன். அக்டோபர் வந்தா இஸ்ஸாக்வா ஓடைப் பாலத்துல நின்னு சால்மன் பாக்கணும். கடல்ல சில வருஷம் சுத்திட்டு, பிறந்த ஓடையை வாசனை பிடிச்சே கண்டுபிடிச்சு, எதிர்நீச்சல் போட்டு வந்து முட்டை போட்டுட்டு செத்துப்போகும்.

ரெண்டும் எனக்கு வேடிக்கை, அவ்வளவுதான். 1854ல் எழுதின மெடிசின் க்ரீக் ஒப்பந்தத்தைப் படிக்கிற வரைக்கும். அதோட மூணாவது பிரிவுல மீனும் பெர்ரியும் ஒரே வாக்கியத்துல வருது!

கதை இதுதான். அந்த வருஷம் டிசம்பர் 26ம் தேதி, வாஷிங்டன் பிரதேச கவர்னர் ஐசக் ஸ்டீவன்ஸ், நிஸ்குவாலி, புயாலப் முதலான பழங்குடியினரிடம் சுமார் 22 லட்சம் ஏக்கர் நிலத்தை எழுதி வாங்கினார். விலை 32,500 டாலர், அதுவும் தவணையில். ஒப்பந்தம் ஆங்கிலத்தில். விளக்கினது சினூக் ஜார்கன்ல. வியாபாரத்துக்காக உருவான, சில நூறு சொற்களே இருந்த கலப்பு மொழி அது. மீன் பேரம் பேசப் போதுமான மொழியை வெச்சு ஒரு நாட்டையே எழுதி வாங்கிட்டாங்க.

பழங்குடியினர் விட்டுக்கொடுக்காதது வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை. அது 'பிரதேசத்தின் எல்லாக் குடிமக்களோடும் பொதுவாக' அவங்களுக்கு இருக்கும். கூடவே வேட்டையாட, கிழங்கும் பெர்ரியும் சேகரிக்க அனுமதி. கவனிச்சுப் பாருங்க: மீனுக்கு 'உரிமை'. பெர்ரிக்கு வெறும் 'சலுகை', அதுவும் யாரும் உரிமை கொண்டாடாத திறந்த நிலத்துல மட்டும். குடியேற்றம் பெருகப் பெருக அந்த நிலம் சுருங்கிட்டே போச்சு.

மீனுக்கும் சண்டை வந்தது. 'பொதுவாக'ன்னா எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்னு மாநில அரசு சொன்னது. 1945ல் நிஸ்குவாலி ஆத்துல வலை போட்ட பில்லி ஃப்ராங்க் ஜூனியரைக் கைது செஞ்சாங்க. அப்போ அவருக்கு வயசு 14. அதுக்கப்புறம் 50 தடவைக்கு மேல கைது! 60கள்ல பலரும் சட்டத்தை மீறி வலை போட்டுப் போராடினாங்க. 1964ல் நடிகர் மார்லன் பிராண்டோவும் புயாலப் ஆத்துல மீன் பிடிச்சுக் கைதானார்.

ஸ்பெக்ல ஒரு வார்த்தை தெளிவா இல்லேன்னா என்ன ஆகும்னு நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரியும். இங்க அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கிடைக்க 120 வருஷம் ஆச்சு.

1974 பிப்ரவரி 12. நீதிபதி ஜார்ஜ் போல்ட், கையெழுத்துப் போட்ட பழங்குடியினர் அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்கன்னு பார்த்தார். 'பொதுவாக'ன்னா சரிபாதி! இனப்பெருக்கத்துக்கு வேண்டியதை விட்டுட்டு, பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரைக்கும் பழங்குடியினருக்குன்னு தீர்ப்பு. மத்த மீனவர்கள் கொதிச்சுப்போய் அவர் கொடும்பாவியைத் தொங்கவிட்டாங்க. 1979ல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே உறுதி செஞ்சது.

கதை அதோட முடியல. பாதி பங்கு சரி, மீனே வரலைன்னா? ரோட்டுக்கு அடியில தப்பா போட்ட குழாய்கள் சால்மனை வழிமறிக்குதுன்னு அடுத்த வழக்கு. மாநில அரசு அதைச் சரிசெய்யணும்கிற தீர்ப்பு 2018ல் நிலைச்சது. உச்ச நீதிமன்றத்துல 4-க்கு 4 சமமா பிரிஞ்சதால கீழ்க்கோர்ட் தீர்ப்பே நின்னுடுச்சு. இதைப் பாக்க பில்லி ஃப்ராங்க் இல்லை, 2014லேயே காலமாகிட்டார்.

ஒரு சின்ன உறுத்தல். நான் ஆசையா பறிக்கிற ப்ளாக்பெர்ரி இந்த மண்ணுதே இல்லையாம். 1885ல் லூதர் பர்பேங்க் கொண்டு வந்து, இமயமலைப் பெயர் வெச்சது. இன்னிக்கு ஆத்தங்கரையில உள்ளூர்ச் செடிகளை அமுக்கிட்டு வளருது. ஆக, அதுவும் என்னை மாதிரி வந்தேறிதான் :-)

ஆனா ஓடையில சாகுற மீன் பாரபட்சம் பாக்கறதில்லை. கடல்லேர்ந்து சுமந்து வந்த சத்தை அது கரையில இருக்குற எல்லா வேருக்கும் கொடுத்துட்டுப் போகுது. 'பொதுவாக'ங்கற சொல்லுக்கு அர்த்தம் அதுக்கு மட்டும் எப்பவுமே தெரிஞ்சிருக்கு போல.