கழுதைகளின் பாலம்



ஒரு முக்கோணத்தில் இரு பக்கங்கள் சமமாயின், அவற்றிற்கு எதிரேயுள்ள கோணங்களும் சமம். கூரை வீட்டின் முகப்பைக் கண்டாலே இவ்வுண்மை புலப்படும். கண்ணுக்குத் தெரிவதை நிறுவவும் வேண்டுமோ?

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்துத் தாலஸ் என்னும் அறிஞரே இதனை முதலிற் கூறினார் என்று, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் புரோக்ளஸ் எழுதுகிறார். தாலஸ் அக்கோணங்களைச் "சமம்" என்னாது "ஒத்தவை" என்றாராம்.

கி.மு. 300 அளவில் யூக்ளிட் தமது "மூலங்கள்" என்னும் நூலின் முதற் பாகத்தில் இதனை ஐந்தாம் தேற்றமாக வைத்தார். உச்சிக் கோணத்தை இருசமக் கூறாக்கினால் நிறுவுதல் எளிதன்றோ என்பீர்கள். ஆனால், கோணத்தை இருசமக் கூறாக்கும் முறை அந்நூலில் ஒன்பதாவதாக வருகிறது. அது எட்டாம் தேற்றத்தையும், எட்டாவது ஏழாவதையும், ஏழாவது இதே ஐந்தாவதையும் சார்ந்து நிற்கின்றன. ஒருவனிடம் பட்ட கடனை அவனிடமே கடன் வாங்கி அடைப்பதற்கு ஒப்பாகும் அது!

ஆகவே யூக்ளிட், சம பக்கங்கள் இரண்டையும் அடிக்குக் கீழே நீட்டி, அவற்றில் சம நீளங்களை வெட்டி, குறுக்குக் கோடுகள் வரைந்து, சுற்றுவழியில் நிறுவினார். அப்படம் பாலம் போன்றிருந்தது. அதனைக் கடக்க இயலாத மாணவர்களைக் கருதி, ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் அதற்குக் "கழுதைகளின் பாலம்" என்னும் பெயர் வழங்கலாயிற்று.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் பாப்பஸ், ஒரு கோடும் கூட்டாமல் இதனை நிறுவினார். அஆஇ என்னும் முக்கோணத்தில் அஆ, அஇ சமம். இதனையே அஇஆ என்னும் மற்றொரு முக்கோணமாகக் கொள்ளுங்கள். முதலாவதன் அஆ, இரண்டாவதன் அஇ-க்குச் சமம். முதலாவதன் அஇ, இரண்டாவதன் அஆ-வுக்குச் சமம். இடையிலுள்ள கோணம் அ இரண்டிற்கும் பொது. இரு பக்கங்களும் இடைக்கோணமும் சமமாதலால், முன்னரே நிறுவப்பட்ட நான்காம் தேற்றத்தின்படி இவை சர்வசமம். எனவே ஆ, இ ஆகிய கோணங்கள் சமம். முக்கோணம் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டது, அவ்வளவே!

1950-களில் மார்வின் மின்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர், தேற்றங்களை நிறுவும் இயந்திரத்திற்கான விதிகளை வகுத்துத் தாளிலேயே இயக்கிப் பார்த்தபோது, அவ்விதிகள் தந்ததும் இந்நிறுவலே. மனிதக் கண் முக்கோணம் ஒன்றையே கண்டு நிற்க, விதிகளோ இரண்டைக் கண்டன.

கண் காட்டுவது ஒரு படத்திற்கு மட்டுமே உரியது. நிறுவல் காட்டுவதோ, இனி வரையப்போகும் எல்லாப் படங்களுக்கும் உரியது. ஆதலின், இரு கோணங்கள் சமம் என எழுதுந்தோறும், "இதற்கு ஆதாரம் யாது? அவ்வாதாரம் இதனையே சார்ந்து நிற்கவில்லையே?" என வினவுங்கள். அவ்வினாவே பாலத்தைக் கடக்கும் வழி.